ஃப்ரீசருக்குப் போன முத்தடுப்பு மருந்து

தடுப்பு மருந்து வைக்கும் பெட்டிக்குள் எவ்வளவு குளிர் என்பதை இப்போது பெட்டியே சொல்லிவிடுகிறதாம். கூடினாலும் குறைந்தாலும் பார்மசிஸ்ட்டின் செல்போன் கத்துமாம். நான் வேலை பார்த்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் இப்போது இருக்கும் பார்மசிஸ்ட் பெண் போன வாரம் போனில் இதைச் சொன்னார். சொல்லிவிட்டு, "உங்க காலத்துல எப்படி சார் சமாளிச்சீங்க? நம்ம பார்மசிஸ்ட் சங்க மலருக்கு ஒரு கட்டுரை எழுதிக் குடுங்க. அப்படியே, ஊசி போட்ட குழந்தைக்கும் சில சமயம் நோய் வருதே, அது ஏன்னு ஜனங்களுக்குப் புரியற மாதிரி எழுதுங்க" என்றார்.

இரண்டு கேள்விக்கும் என்னிடம் ஒரே பதில்தான் இருக்கிறது. அது சங்க மலருக்கு ஏற்றதா என்பதை அவரே முடிவு செய்துகொள்ளட்டும்.

சீர்காழியில் பள்ளிப்படிப்பு, மயிலாடுதுறையில் வேதியியல் பட்டம், அதற்குமேல் மருந்தாளுநர் பட்டயம் என்று கொஞ்சம் பெருமையாகவே படித்தவன் நான். வேலையில் சேர்ந்த முதல் நாள் ஒரு பெரியவர் ஜன்னல் வழியாகக் காலிப் பாட்டிலை நீட்டி, "கம்பவுண்டரே, இதுல கொஞ்சம் இருமல் தண்ணி ஊத்துங்க" என்றார். பட்டமும் பட்டயமும் அதோடு முடிந்தன. ஓய்வு பெறும்வரை நான் கம்பவுண்டர்தான்.

குத்தாலத்துக்குப் பக்கத்தில் எங்கள் நிலையம். ஊர்ப் பெயரை எழுதவில்லை. தப்பு நிலையத்துடையது அல்ல, என்னுடையது. காலம் தொண்ணூறுகளின் நடுப்பகுதி. சுற்று ஊர்களில் பாதி வீடுகளில் ஓர் ஆள் குவைத்திலோ துபாயிலோ இருந்தார். மேட்டூர் திறக்கத் தாமதமானால் மீதிப் பாதி வீடுகளில் ஓர் ஆள் திருப்பூருக்குப் போய்விடுவார். கடைத்தெருவில் மளிகைக் கடையைவிட எஸ்.டி.டி. பூத்துகள் அதிகம். வளைகுடாவில் லீவு நாளான வெள்ளிக்கிழமை மத்தியானம் அவற்றில் நிற்க இடம் கிடைக்காது.

என் பொறுப்பில் இரண்டு பெட்டிகள் இருந்தன. ஒன்று ஆழ் உறைபெட்டி. அதில் போலியோ சொட்டு மருந்து. இன்னொன்று குளிர்பெட்டி; அதில் முத்தடுப்பு மருந்து. முத்தடுப்பு என்பது தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரணஜன்னி மூன்றுக்கும் சேர்த்துப் போடும் ஊசி. மூன்றும் பாக்டீரியாக் கிருமிகளால் வருகிறவை. போலியோ சொட்டு கல்லாக உறைந்து கிடந்தாலும் கெடாது. முத்தடுப்பு ஒரு தடவை உறைந்தால் தீர்ந்தது. காரணம் எளிது. அந்த மருந்து ஓர் அலுமினிய உப்பின் மிக நுண்ணிய துகள்களில் ஒட்டிக்கொண்டிருக்கும். உறைந்தால் துகள்கள் திரண்டு கட்டி கட்டியாகிவிடும். பிறகு உருக்கினாலும் பழையபடி பிரியாது. பார்ப்பதற்கு மருந்து மாதிரியே இருக்கும். குழந்தைக்கு வலிக்கும், அழும், சாயங்காலம் லேசாகக் காய்ச்சல்கூட வரலாம். பாதுகாப்பு மட்டும் வராது.

இதை நம் ஊரில் நம்பவைப்பது கஷ்டம். நாம் வெயில்காரர்கள். பால் திரிவது, மீன் நாறுவது, சோறு ஊசிப்போவது எல்லாம் சூட்டில்தான். குளிரில் ஒன்று கெட்டுப்போகும் என்றால் சிரிப்பார்கள்.

எங்கள் மருத்துவ அலுவலர் டாக்டர் லோகநாயகி காலையில் வந்ததும் வணக்கம் சொல்ல மாட்டார். கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் நேரே குளிர்பெட்டியைத் திறந்து, உள்ளே இருக்கும் வெப்பமானியைப் பார்த்து எண்ணைச் சத்தமாகச் சொல்வார். நான் நோட்டில் எழுதியிருக்கும் எண்ணைச் சொல்ல வேண்டும். "அஞ்சு" என்பார். "அஞ்சு" என்பேன். அதுதான் எங்கள் வணக்கம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் அவர் "ஏழு" என்றார், நான் "நாலு" என்றேன்.

"இதுல யாரு பொய் சொல்றது? தெர்மாமீட்டரா?"

கேட்டுவிட்டு அவர் அறைக்குப் போய்விட்டார். திட்டவில்லை. நான் அன்று பார்க்காமலே எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு பல வருஷம் பார்க்காமல் எழுதியதில்லை.

புதன்கிழமை தடுப்பூசி நாள். நர்சுகள் தோளில் மாட்டிக்கொண்டு போகும் கேரியருக்குள் நான்கு பக்கமும் ஐஸ் பேக் வைத்து நடுவில் மருந்துக் குப்பிகளை அடுக்க வேண்டும். உறைபெட்டியிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை அப்படியே வைத்தால் பக்கத்தில் இருக்கும் முத்தடுப்பு உறைந்துவிடும். அதனால் பேக்குகளை மேஜையில் வரிசையாக நிறுத்தி வியர்க்க விடுவோம். டாக்டர் ஒவ்வொன்றாக எடுத்துக் காதோரம் வைத்து ஆட்டுவார், தேங்காய் வாங்குகிறவர்கள் ஆட்டிப் பார்ப்பதுபோல. உள்ளே தண்ணீர் தளும்பும் சத்தம் கேட்டால்தான் கேரியருக்குள் போகும். நர்சுகள் பஸ்ஸுக்கு நேரமாகிறதென்று தவிப்பார்கள். அவர் அசைய மாட்டார்.

இப்படி ஒருவரிடம் வேலை பார்த்ததால் எங்கள் நிலையத்துக்கு நல்ல பெயர். குளிர்ப் பராமரிப்பு சிறப்பாக இருக்கிறது என்று குடியரசு தினத்தில் எனக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினேன். பின்னால் நான் செய்ததற்குப் பாதிக் காரணம் அந்தச் சட்டம்தான்.

அந்த வருஷம் மே மாதம், டாக்டர் சென்னையில் பத்து நாள் பயிற்சிக்குப் போயிருந்த நேரம், ஒரு சனிக்கிழமை எங்கள் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோனது. குளிர்பெட்டியை மூடியே வைத்திருந்தால் ஒரு நாளுக்கு மேல் தாங்கியிருக்கும். நான் பதற்றத்தில் அரைமணிக்கு ஒருதரம் திறந்து பார்த்தே குளிரை விரட்டிவிட்டேன். மருந்தை மயிலாடுதுறைக்கு அனுப்புவதுதான் முறை. ஜீப் ஒர்க்‌ஷாப்பில் இருந்தது. கொளுத்துகிற வெயிலில் பஸ்ஸில் எடுத்துப்போக எனக்குப் பயம். அப்போதுதான் ரஹ்மத் பீவி வீட்டு ஃபிரிட்ஜ் ஞாபகத்துக்கு வந்தது.

ரஹ்மத் பீவியின் ஊர் மூன்று கிலோமீட்டர் தள்ளி. அது வேறு லைன், கரண்ட் இருந்தது. மகன் குவைத்திலிருந்து பணம் அனுப்பி வாங்கிக் கொடுத்த இரட்டைக் கதவு ஃபிரிட்ஜ் கூடத்தில் அலமாரி மாதிரி நின்றது. ரஹ்மத் பீவி என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். மருந்து வாங்க வரும்போதெல்லாம் என்னைக் கிண்டல் செய்யாமல் போகமாட்டார். விஷயத்தைச் சொன்னதும், "கவர்மெண்டுக்கு ஒரு ஃபிரிட்ஜ் வாங்க வக்கில்ல, எங்க ஃபிரிட்ஜுதான் கெடச்சுதா? கொண்டாங்க தம்பி. பிள்ளைங்க மருந்தாச்சே" என்றார். போலியோவை மேலே ஃப்ரீசரிலும், முத்தடுப்பைக் கீழே நடுத்தட்டிலும் என் கையாலேயே வைத்தேன். "இத மேல வைக்கக் கூடாது" என்று சொன்னேனா என்று எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன். சொல்லவில்லை. கீழே வைத்தால் கீழேயே இருக்கும் என்று நினைத்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் கரண்ட் வந்தது. மருந்தை எடுக்கப் போனேன்.

"பத்திரமா இருக்கு தம்பி. ஒரு மருந்த மேல வச்சிட்டு இன்னொண்ணக் கீழ விட்டுட்டுப் போயிட்டீங்களே, மறந்துட்டீங்க போலன்னு அதையும் தூக்கி மேல வச்சிட்டேன். இடம் இல்ல. ரெண்டு கிலோ வஞ்சிரம் இருந்துச்சு, பக்கத்து வீட்டுக்குக் குடுத்துட்டேன்னா பாத்துக்கங்க."

ஃப்ரீசரைத் திறந்தேன். முத்தடுப்புக் குப்பிகள் எல்லாம் வெள்ளையாக, விறைப்பாக, வரிசையாக நின்றன. "ரொம்ப நன்றி பாயம்மா" என்றேன். அவர் எனக்குக் குளிர்ந்த ரோஸ்மில்க் கொடுத்தார். குடித்தேன்.

நிலையத்துக்கு வந்து குப்பிகளை உருகவிட்டு, படித்த முறைப்படி சோதனை செய்தேன். குப்பியை நன்றாகக் குலுக்கி மேஜையில் நிறுத்திவிட்டுப் பார்க்க வேண்டும். நல்ல மருந்து வெகுநேரம் மோர் மாதிரி ஒரே சீராகக் கலங்கியிருக்கும். உறைந்த மருந்தில் துகள்கள் சீக்கிரமே கீழே இறங்கி, மேலே தெளிந்த தண்ணீர் நிற்கும். என் குப்பியில் பத்து நிமிஷத்திலேயே இறங்கத் தொடங்கியது. அதற்குமேல் பார்க்காமல் திரும்பிக்கொண்டேன்.

மறுநாள் புதன்கிழமை. நான்கு ஊர்களில் குழந்தைகள் வந்து நிற்கும். கையிருப்பு அவ்வளவுதான். எல்லாவற்றையும் கழித்துக் கட்டினால் ஏன் என்று எழுத வேண்டும். அனுமதியில்லாமல் அரசு மருந்தைத் தனியார் வீட்டில் வைத்ததை எழுத வேண்டும். சுவரில் அந்தச் சட்டம் வேறு. உறைந்த மருந்திலும் கொஞ்சமாவது சத்து இருக்காதா என்று நான் படித்த வேதியியலையே எனக்கு எதிராகத் திருப்பினேன். அந்த மூன்று நாளுக்கும் நோட்டில் நாலு, அஞ்சு, நாலு என்று எழுதினேன். மருந்தைக் கொடுத்தனுப்பினேன். அந்தக் கையிருப்பு ஐந்து புதன்கிழமைகளுக்கு வந்தது.

முதல் புதனன்று ரஹ்மத் பீவி ஊர் நர்சு அமுதவல்லி குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். "என்ன சார், பால் திரிஞ்ச மாதிரி இருக்கு. ஆட்டினாலும் கலங்க மாட்டேங்குது?"

"நல்லா குலுக்கிப் போடுங்கம்மா" என்றேன்.

டாக்டர் பயிற்சி முடிந்து வந்து பெட்டியைத் திறந்து "அஞ்சு" என்றார். "அஞ்சு" என்றேன்.

இரண்டரை வருஷம் ஒன்றும் நடக்கவில்லை. நான் சாப்பிட்டேன், தூங்கினேன், சினிமா பார்த்தேன். மறந்தும்போனேன் என்பதுதான் உண்மை.

பிறகு ஓர் ஐப்பசி மழையில், ரஹ்மத் பீவியும் மருமகள் ஷமீமாவும் பேரன் ஆசிக்கைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மூன்று வயதுகூட ஆகாத பையன். காய்ச்சல் பெரிதாக இல்லை. ஆனால் கழுத்து வீங்கிக் காளைக் கழுத்து மாதிரி இருந்தது. எச்சில் விழுங்க முடியவில்லை. டாக்டர் டார்ச் அடித்து வாயைப் பார்த்தார். உள்நாக்குப் பக்கம் சாம்பல் வெள்ளையில் தோல் மாதிரி ஒன்று படர்ந்திருந்தது. பஞ்சால் ஓரத்தைத் தொட்டதும் ரத்தம் கசிந்தது.

"தொண்டை அடைப்பான்" என்றார். "ஊசி போட்ட பிள்ளையா?"

ஷமீமா அட்டையை நீட்டினார். மூன்று தவணையும் போட்டிருந்தது. இரண்டாவது மே கடைசி. மூன்றாவது ஜூன் கடைசி. தேதியைப் பார்த்தேன்; இரண்டும் நான் கொடுத்தனுப்பிய அந்தக் குப்பிகள்.

ஜீப்பில் தஞ்சாவூருக்குக் கொண்டுபோனோம். விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். இரண்டு நாள் ஒன்றும் சொல்ல முடியாது என்றார்கள். மூன்றாம் நாள் நானும் டாக்டரும் பார்க்கப் போனோம். மூச்சு சீராகியிருந்தது. பிழைத்துக்கொள்வான் என்று தெரிந்தது. வார்டுக்கு வெளியே ரஹ்மத் பீவி என்னைப் பிடித்துக்கொண்டார்.

"அமுதவல்லி தண்ணிய ஏத்திட்டான்னு ஊருல பேசுறாங்க தம்பி. நீங்க படிச்சவரு. சொல்லுங்க. மூணு ஊசி போட்டும் ஏன் வந்துச்சு?"

நான் பாடமே நடத்தினேன். நல்ல ஊசி போட்டாலும் சில குழந்தைகளின் உடம்பு அதைக் கற்றுக்கொள்வதில்லை என்றேன். ரொம்பச் சீக்கிரம் போட்டால், தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தியே ஊசியை வேலை செய்யவிடாது என்றேன். நோஞ்சான் குழந்தைக்குச் சரியாகப் பிடிக்காது என்றேன். தவணை தவறினால் பலன் குறையும் என்றேன். இந்த ஊசி கிருமி கக்கும் விஷத்தைத்தான் தடுக்கும், கிருமியை அல்ல. அதனால் பெரியவர்கள் தொண்டையில் அது சத்தமில்லாமல் குடியிருந்து குழந்தைக்குத் தொற்றலாம் என்றேன். கடைசியாக, போட்ட பாதுகாப்பு நாளாக நாளாகக் கரையும், அதற்குத்தான் ஒன்றரை வயதில் இன்னொரு ஊசி, அதை விட்டால் ஆபத்து என்றேன். ஆறும் உண்மை. இன்று கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

ஷமீமா அழத் தொடங்கினார். "பாஸ்போர்ட்டுக்கு மெட்ராஸ்ல அலைஞ்சோம். அப்புறம் குவைத்துல ஆறு மாசம் இருந்துட்டோம். அந்த ஒன்றரை வயசு ஊசி விட்டுப்போச்சு. என் தப்புதான் மாமி. நான்தான் என் பிள்ளைய..."

ரஹ்மத் பீவி மருமகளை அணைத்துக்கொண்டார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஜீப்பில் திரும்பும்போது, பாபநாசம் வந்ததும், டாக்டர் முன்னால் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "நல்லாத்தான் சொன்னீங்க. பிள்ளை மேல ரெண்டு, அம்மா மேல ரெண்டு, கிருமி மேல ஒண்ணு, காலத்து மேல ஒண்ணு. மருந்து மேல ஒண்ணும் போடலையே?"

நான் சொல்லிவிட்டேன். டிரான்ஸ்ஃபார்மர், ஃபிரிட்ஜ், ஃப்ரீசர், குப்பியில் இறங்கிய துகள், நாலு, அஞ்சு, நாலு. சொல்லும்போது டிரைவர் வேண்டுமென்றே ஹாரன் அடித்துக்கொண்டு வந்தார், கேட்காத மாதிரி. டாக்டர் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் எண்ணிக்கை கேட்டார்.

"எத்தனை பிள்ளைங்க?"

"தெரியாது மேடம். பார்க்கணும்."

"நாளைக்குக் காலைல எனக்கு லிஸ்ட் வேணும். ஆசிக்குக்கு இதனாலதான் வந்துச்சா, அந்த விட்டுப்போன ஊசியாலயா, யாருக்கும் தெரியாது. அது கடவுள் கணக்கு. நீங்க லிஸ்டப் பாருங்க. அந்தப் பிள்ளைங்க எல்லாம் பாதுகாப்பா இருக்கறதா அம்மாமாருங்க நெனச்சுட்டு இருக்காங்க."

அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பில்லை. ஆசிக் ஊரில் சுற்றியிருக்கும் குழந்தைகளுக்கு எப்படியும் மறுபடி போடுவார்கள். ஆனால் அந்தக் குப்பிகள் போனது நான்கு ஊர்களுக்கு. எந்தக் குழந்தைக்கு எந்தத் தொண்டையிலிருந்து எப்போது வரும் என்று தெரியாது.

பதிவேடுகளை வாங்க அமுதவல்லியிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் நாலு நாளாக ஊரில் ஏச்சுக் கேட்டுக்கொண்டிருந்தவர்.

"அன்னைக்கே கேட்டேனே சார், திரிஞ்ச மாதிரி இருக்குன்னு. என்ன சொன்னீங்க?"

"குலுக்கிப் போடச் சொன்னேன்."

"குலுக்கினேன் சார். கை வலிக்கக் குலுக்கினேன்" என்றார். பிறகு பதிவேட்டை என் முன்னால் சத்தம் வரப் போட்டுவிட்டு, எதிரே உட்கார்ந்து அவரே பெயர்களைப் படித்தார். முப்பத்தெட்டுக் குழந்தைகள்.

இருபது நாள் மழையில் அலைந்தோம். வாய்க்கால் கரையில் அவர் குடையைப் பிடிக்க நான் கேரியரைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். நடவு வயலிலிருந்து தாய்மார்கள் சேற்றுக் காலோடு ஏறி வந்தார்கள். "தொண்டை அடைப்பான் வந்திருக்கு, திருப்பிப் போடணும்" என்றால் யாரும் மறுக்கவில்லை. ஒரு வீட்டில் எங்களைக் கண்டதும் பையன் வைக்கோல் போருக்குள் புகுந்துவிட்டான். அரைமணி தேடினோம். ஆசிக்கும் வீடு வந்து சேர்ந்தான். கொஞ்ச நாள் மூக்கால் பேசினான், குடித்த பால் மூக்கு வழியாக வந்தது. அந்த விஷம் நரம்பில் செய்கிற வேலை அது. பிறகு அதுவும் சரியாகிவிட்டது. இதற்கிடையே விசாரணை வந்தது. எழுதிக் கொடுத்தேன். சீர்காழிப் பக்கம் மாற்றல் உத்தரவு போட்டார்கள். சட்டத்தை நானே கழற்றினேன்.

முப்பத்தேழு முடிந்தது. பாக்கி கௌசல்யா என்று ஒரு பெண் குழந்தை. தாய் அஞ்சலை ரஹ்மத் பீவியின் வயலில் நடவு நட்டவள். தண்ணீர் வராத ஒரு வருஷம் புருஷனோடு திருப்பூருக்குப் போய்விட்டாள். வீடு பூட்டிக் கிடந்தது. விலாசம் யாருக்கும் தெரியவில்லை. ரஹ்மத் பீவிக்குத் தெரியும் என்றார்கள்.

போனேன். கூடத்தில் அந்த ஃபிரிட்ஜ் நின்றது. ஆசிக் அதன்மேல் காந்தப் பொம்மைகளை ஒட்டிக்கொண்டிருந்தான்.

"அஞ்சலை விலாசமா? அவ அண்ணன்கிட்ட இருக்கு, வாங்கித் தரேன். எதுக்கு?"

"கௌசல்யாவுக்கு ஊசி போடணும் பாயம்மா."

"திருப்பூர்ல ஊசி இல்லையா? மாத்தலாகிப் போற நேரத்துல ஒத்தப் பிள்ளைக்கு இப்படி அலையிறீங்களே. என்ன விஷயம்? சொல்லாட்டி விலாசம் கிடையாது."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் சிரிக்கவில்லை. "அந்த மே மாசம் போட்ட மருந்து உறைஞ்சு போன மருந்து. உறைஞ்சா பலிக்காது. அது தெரிஞ்சே நான் போடக் குடுத்துட்டேன். உங்க பேரனுக்குப் போட்டதும் அதுதான்."

அவர் என்னையே பார்த்தார். என்னைத் திட்ட வார்த்தை தேடுகிறார் என்று நினைத்தேன்.

"உறைஞ்சுதா? எங்க உறைஞ்சுது?"

அவர் கழுத்தைத் திருப்பி ஃபிரிட்ஜைப் பார்த்தார்.

"மேல தூக்கி வச்சது நான்தானே தம்பி."

"உங்க மேல ஒரு தப்பும் இல்ல பாயம்மா. எடுத்துட்டுப் போனப்பவே எனக்குத் தெரியும். அங்கேயே கொட்டியிருக்கணும். கொட்டாதது நான்."

அவர் காதில் அது விழவே இல்லை. "மீன எல்லாம் எடுத்துக் குடுத்துட்டு வச்சேனே" என்றார். உள்ளே போனார். வெகுநேரம் கழித்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வந்து, "நானும் வரேன். எந்த நாள்?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமைதான் அஞ்சலைக்கு லீவு. விடியற்காலை பஸ்ஸில் நான், அமுதவல்லி, ரஹ்மத் பீவி மூவரும் கிளம்பினோம். கேரியரை நான் மடியில் வைத்துக்கொண்டேன். திருச்சியில் பஸ் மாறியதும் ரஹ்மத் பீவி அதைப் பிடுங்கிக்கொண்டார். "உங்ககிட்ட இருந்தா சரிப்படாது. குடுங்க." கரூர் தாண்டும்வரை பத்துத் தடவையாவது கேட்டிருப்பார்: "அமுதா, வெளிய தொட்டா ஜில்லுனே இல்லையே, உள்ள சரியா இருக்கா?"

"வெளிய ஜில்லுனு இருந்தாத்தான் பாயம்மா தப்பு."

"ஐஸ் தொடலையே மருந்த?"

"தொடாது. நான் காதுல வச்சு ஆட்டிப் பாத்துத்தான் வச்சிருக்கேன்."

"நல்லா ஆட்டினியா?"

"நல்லா ஆட்டினேன்!"

கேரியரைப் பிடுங்கிக்கொண்ட பிறகு என்னோடு மட்டும் பேசவில்லை. கோபம் என்று சொல்ல முடியாது. திருப்பூர் வெங்கமேட்டில் இறங்கி டீ குடித்தபோது எனக்கும் ஒரு வடை வாங்கி நீட்டினார்.

அஞ்சலை வீடு ஒரு பனியன் கம்பெனிக்குப் பின்னால், பத்து வீடுகள் ஒட்டிய லைன் வீட்டில் இருந்தது. எங்கள் மூவரையும் வாசலில் கண்டதும் அவள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "என்ன பாயம்மா? ஊர்ல யாராச்சும் தவறிட்டாங்களா?"

"வாயக் கழுவு. உன் பிள்ளையப் பாக்க வந்தோம்."

கௌசல்யா கட்டிலுக்கு அடியில் வெட்டுத் துணிகளை வைத்து விளையாடிக்கொண்டிருந்தது. கொழுகொழுவென்று, தொண்டையில் ஒரு கோளாறும் இல்லாமல். ரஹ்மத் பீவி அதை மடியில் போட்டுக் காலை இடுக்கிக்கொள்ள, அமுதவல்லி ஊசியைப் போட்டார். லைன் வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி அது கத்தியது. முப்பத்தெட்டும் முடிந்தது.

அஞ்சலை பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். "இந்த ஒத்த ஊசிக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க? அதான் ஊர்லயே எல்லாம் போட்டாச்சே."

தெரிந்தே கொடுத்தனுப்பியது நான் என்று சொல்வதற்கு வார்த்தைகளைத் தயார் செய்து வைத்திருந்தேன். பஸ்ஸில் எட்டு மணி நேரம் அதைத்தான் செய்தேன். ரஹ்மத் பீவி முந்திக்கொண்டார்.

"அங்க போட்டது பலிக்கல அஞ்சலை. மருந்த எங்க வீட்டு ஃபிரிட்ஜுல வச்சிருந்தாங்க. கெட்டுடக் கூடாதேன்னு நான் மேல தூக்கி வச்சேன். அதுல கெட்டுப்போச்சு. எங்க ஆசிக்கு சாகப் பொழைக்கக் கெடந்தான். உன் பிள்ளைக்கும் வந்துடக் கூடாதுன்னுதான் வந்தோம். எங்க வீட்டுத் தப்பு. மனசுல வச்சுக்காத."

"தெரியாம செஞ்சதுக்கு என்ன பண்றது பாயம்மா. விடுங்க. இருங்க, டீ வாங்கியாரச் சொல்றேன்."

அமுதவல்லி என்னைப் பார்த்தார். ரஹ்மத் பீவி பார்க்கவில்லை. நான் தரையில் குந்தி, கேரியரின் மூடியைச் சாத்தி, வாரைக் கொக்கியில் மாட்டிக்கொண்டிருந்தேன். அது முதல் தடவையே மாட்டிக்கொண்டது. கழற்றினேன். மறுபடி மாட்டினேன். டீ வரும்வரை அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.